மணவறைக்கு நாலாவது வயர்

நெட்வேர்க் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு குத்துவிளக்கும் பொன்னாடையும் தந்து, "இனி ஆறுதலா இருங்கோ மிஸ்" என்று அனுப்பிவைத்தார்கள். குத்துவிளக்கு சாமியறையில் இருக்கிறது. ஆறுதல்தான் இன்னும் வீடு வந்து சேரவில்லை. வாசல் படலை திறந்து வருகிற சொந்தக்காரர் ஒருவரும் என் சுகம் விசாரிப்பதில்லை, "வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லி முடித்தால், "ஏன் உது இழுபடுது?" என்று அடுத்த கேள்வி வரும். நெட்வேர்க் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கும் நடக்கும். இப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் வேலைப் பகுதியிலிருந்து கேட்டார்கள். என்ன கட்டளை அடிக்கவேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் நீங்கள் அதைக் கண்டுபிடித்து, அடித்து, தேத்தண்ணீரும் குடித்துவிடுவீர்கள். நான் எழுதுவது ஒரு கலியாணவீட்டைப் பற்றி. சம்பளம் வாங்கிச் செய்த இத்தனை வருஷ வேலையிலும், சம்பளமே இல்லாமல் செய்த அந்த ஒரு காலை வேலையில்தான் நான் அதிகம் படித்தேன்.

மண்டபம் நெல்லியடியில். கலியாணப் பொம்பிளை துளசி, எங்கள் ஒழுங்கையில் சில வீடு தள்ளி இருக்கும் வதனியின் ஒரே மகள். நான் அங்கே வேலைக்காகப் போகவில்லை. காஞ்சிபுரம் சேலை உடுத்து, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, என் மனிசனோடு போன விருந்தாளி. என் மனிசனுக்குக் கலியாணவீடு என்றால் இரண்டு விஷயம்தான்: ஒன்று தாலி கட்டுவது, மற்றது முதல் பந்தி. எது முக்கியம் என்று நான் இதுவரை கேட்டதில்லை. பதிலைத் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை.

துளசியின் தகப்பன் சிவநேசன் சுவிஸில் இருக்கிறார். பிள்ளை தவழ்கிற வயதில் போனவர். அகதியாகப் பதிந்தவருக்கு அங்கே கொடுத்த பயணப் பத்திரத்தோடு வேறு நாடுகளுக்குப் போகலாம். ஊருக்கு மட்டும் வரமுடியாது. இடையில் ஒரு தடவை இந்தியாவில் மூவரும் சந்தித்து, சில வாரம் ஒன்றாக இருந்தார்கள். மற்றப்படி தகப்பனும் மகளும் வளர்ந்தது போனில்தான். கலியாணம் சரிவந்தபோது அவர் மண்டபத்திலோ சாப்பாட்டிலோ நகைநட்டிலோ தலையிடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ரை பிள்ளையைத் தாரை வார்க்க முதல் ஐயர் என்னட்டைக் கேக்கவேணும். நான் எல்லாருக்கும் கேக்க ஓம், சம்மதம் எண்டு சொல்லவேணும். பேந்து மச்சான் கையைப் பிடிச்சுக் குடுக்கட்டும். முடிஞ்ச பிறகு வீடியோவிலை பாக்கிற அலுவல் எனக்கு வேண்டாம். நான் பாத்துப் பாத்து அலுத்துப்போனன்."

மச்சான் என்று அவர் சொன்னது வதனியின் தமையன் குகதாசண்ணையை. பருத்தித்துறையில் ஐஸ் ஃபக்டரி வைத்திருக்கிறார். மீன் வள்ளங்களின் இஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய குரல். காதுக்குள் ரகசியம் சொன்னாலும் மண்டபத்துக்கே கேட்கும். தகப்பன் இல்லாத இடத்தில் தன் மனைவியோடு நின்று தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர் அவர்தான். ஒரு மாதமாக அந்த மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை.

சிவநேசனை மணவறைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் கொண்டுவருகிற பொறுப்பு நஸீரிடம். யாழ்ப்பாணம் ரவுணில் வீடியோ செய்பவர். தகப்பன் காலத்திலிருந்தே கலியாணப் படம் பிடிக்கிற குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், பிறகு திரும்பிவந்து அதே தெருவில் கடை திறந்தவர்கள். கெட்டிக்காரன். ஒரு சேர்வரைக் கொண்டுவந்து, மணவறைக்குப் பின்னால் பூ அலங்காரத் துணிக்கு மறைவில் ஒரு மேசையில் வைத்திருந்தார். கமராப் படங்களைச் சேர்ப்பது, பதிவு செய்வது, சுவிஸுக்கு அனுப்புவது, அங்கிருந்து வருகிற முகத்தைத் திரையில் போடுவது, எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்ளேதான். அதிலிருந்து மூன்று வயர். ஒன்று கமராக்கள் வந்து சேரும் குட்டிச் சுவிச்சுக்கு. ஒன்று திரைக்கு. ஒன்று மண்டபத்தின் பெரிய சுவிச்சுக்கு, அதாவது வெளி உலகத்துக்கு.

முதல்நாள் பின்னேரம் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. சிவநேசன் திரையில் வந்து, வெறும் மணவறையைப் பார்த்துக் கண் கலங்கி, பிறகு "தோரணம் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு" என்று குறையும் சொன்னாராம்.

கலியாணத்தன்று காலை நாங்கள் போய் இருந்தபோது மாப்பிள்ளை மணவறைக்கு வந்துவிட்டார். திரையில் முதலில் வாசல் தெரிந்தது, நாதஸ்வரக்காரர் தெரிந்தார். பிறகு படம் துண்டு துண்டாய் உடைந்தது. நாதஸ்வரக்காரரின் ஒரு கன்னம் மட்டும் ஊதியபடி நின்றது. பிறகு திரை நீலமாகிவிட்டது. என் மனிசன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும், எழும்பாதையும். நீர் இண்டைக்கு விருந்தாளி."

"நான் எங்கை எழும்பினனான்?" என்றேன். உண்மையில் பாதி எழும்பியிருந்தேன். அதற்குள் நஸீர் கதிரைகளுக்கு நடுவே குனிந்தபடி வந்தார். முகம் முழுக்க வேர்வை.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ, ஒருக்காப் பின்னுக்கு வரேலுமே?"

பின்னுக்குப் போனேன். நஸீர் நடந்ததைச் சொன்னார். காலையில் எல்லாம் சரியாக இருந்தது. திடீரென்று கமராப் படங்கள் உள்ளுக்குள்ளேயே நெரிபட்டு நின்றுவிட்டன. வயர் எங்கோ வளையமாகிவிட்டது என்று அவருக்குப் பட்டது. நல்ல ஊகம். உடனே சேர்வருக்குள் இருக்கும் பிரிட்ஜில் ஸ்பானிங் ட்ரீயைப் போட்டுவிட்டார். கமராக்கள் உயிர்த்தன. ஆனால் அடுத்த கணமே வெளி உலகம் போய்விட்டது. நிறுத்தினார், கொஞ்ச நேரத்தில் வெளி உலகம் தானாக வந்தது, கமராக்கள் செத்தன. மறுபடி போட்டார், கமராக்கள் வந்தன, சுவிஸ் போய்விட்டது. "ஒண்டை வைச்சால் மற்றது இல்லை அக்கா. எனக்கு விசர் பிடிக்குது."

உங்களுக்கு இது ஏன் என்று விளங்கியிருக்கும். எங்கள் துறைக்கு வெளியே யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக, என் மனிசனுக்கு விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறேன். பிரிட்ஜ் என்பது சேர்வருக்குள்ளே மென்பொருளால் செய்த ஒரு சந்தி. எல்லா வயரும் அங்கே வந்து கூடும். ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் செய்தி இரண்டு வழியாலும் போய், திரும்பி வந்து, மறுபடி போய், சுற்றிக்கொண்டே பெருகும். அதைத் தடுக்க, ஸ்பானிங் ட்ரீ போட்ட பிரிட்ஜ் சின்னச் சின்னச் செய்திகளை எல்லா வயரிலும் அனுப்பிக்கொண்டிருக்கும்: "நானும் ஒரு சந்தி. உங்களில் தலைவர் ஆர்? எந்த வழியை அடைப்பம்?" அதைக் கேட்டு, கூடுதலான வழியை அடைத்துவிடும். உள்ளுக்கு அது நல்லது. ஆனால் மண்டபத்தின் பெரிய சுவிச்சை அமைத்தவர் கவனமான ஆள். விருந்தாளி மெஷின் வந்து குந்துகிற போர்ட்டில், சந்தி மாதிரி எவராவது நியாயம் கதைத்தால் கதவைச் சாத்து என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார். பிரிட்ஜ் வாய் திறந்ததும் அது சாத்தியது. அது தன் வேலையைச் செய்தது, இது தன் வேலையைச் செய்தது. நடுவில் சிவநேசன் மாட்டிக்கொண்டார்.

போனில் வீடியோ கோல் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்தோம். மண்டபம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு போன், ஒவ்வொருவரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் நேரலை காட்டிக்கொண்டிருந்தார்கள். சிவநேசனின் "ஹலோ" பாதியில் நின்றது. மற்றப் பாதி வரவே இல்லை.

மண்டப மனேஜர், அந்தச் சுவிச்சைப் பார்க்கிற கொழும்புக்காரரைப் போனில் பிடித்துவிட்டார். அவர் நல்ல மனுஷன். "மிஸ், நான் இங்கயிருந்தே அந்தக் காவலை எடுத்து விடட்டா? ரெண்டு நிமிஷ வேலை" என்றார். சுற்றி நின்ற எல்லோரும், "எடுக்கச் சொல்லுங்கோ, எடுக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். நஸீரும் என்னைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்றேன். எடுத்திருந்தால் வேலை செய்திருக்கலாம். அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆனால் மேல்மாடியில் சின்ன மண்டபத்தில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு நடந்துகொண்டிருந்தது. அவர்களும் அதே பெரிய சுவிச்சால்தான் லண்டனுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காவலை எடுத்தால் எங்கள் பிரிட்ஜ் அவர்களுடைய பாதையிலும் நாட்டாண்மை செய்யத் தொடங்கும். எங்கள் வீட்டுப் பிரச்சினையை மேல்மாடிப் பிள்ளையின் தலையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, நேற்று வாய் திறக்கத் தேவையில்லாத பிரிட்ஜுக்கு இன்றைக்கு ஏன் தேவை வந்தது? வேண்டாத செய்தி ஒன்று வருகிறதென்றால் அதன் வாயைப் பொத்த ஓடாதீர்கள். என்ன சொல்கிறது என்று ஒருக்காக் கேளுங்கள்.

கேட்டோம். நஸீர் பிரிட்ஜின் நிலையைச் சேர்வரின் சின்னத் திரையில் எடுத்தார். நாலு போர்ட்டில் வயர் குத்தியிருந்தது. வெளி உலகத்தினது பெரிய சுவிச் சாத்தியதால் செத்துக் கிடந்தது, இரண்டு திறந்திருந்தது, ஒன்றைப் பிரிட்ஜே அடைத்து வைத்திருந்தது.

"நாலோ? நான் மூண்டுதானே அக்கா குத்தினனான்!"

பாருங்கள், எல்லோரும் பிழை சொன்ன அந்தப் பிரிட்ஜ்தான் காலையிலிருந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசைக்குக் கீழே நானே புகுந்தேன். நஸீர் "ஐயோ அக்கா, நான் பாக்கிறன்" என்று பதறினார். "நீர் மேலை நிண்டு அந்தத் திரையைப் பாரும்" என்றேன். உள்ளே ஒரு பக்கம் பூக்காரர் விட்டுப்போன வாழைநார், ஒரு பக்கம் நீல வயர்களின் கும்பல். ஒவ்வொன்றாய்த் தடவிப் போனால் நாலாவது வயர் இருந்தது: ஒரு முனை சேர்வரில், மறு முனை கமராக்களின் குட்டிச் சுவிச்சில். ஏற்கெனவே ஒரு வயர் போகிற இடத்துக்கு இன்னொன்று. அச்சொட்டான வளையம். குட்டிச் சுவிச்சுப் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டேன். நஸீர் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தினார். கொழும்புக்காரரிடம், "காவல் இருக்கட்டும் தம்பி, அது தானாத் திறக்குமட்டும் பாத்திருக்கேலாது, சாத்தின கதவை மட்டும் இப்பவே ஒருக்காத் திறந்துவிடும்" என்றேன். திறந்தார்.

சிவநேசன் திரையில் வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. பின்னால் யன்னலில் சுவிஸின் விடியாத வானம். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. வதனி மணவறைப் படியிலேயே இருந்து அழுதாள். நஸீர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "ஆர் உந்த வயரிலை கை வைச்சது?" என்று கத்தினார். பூக்காரர் இல்லை என்றார். கமராக்காரர்கள் இல்லை என்றார்கள். குகதாசண்ணை, "ஆரடா அவன் மடையன்!" என்று அவர் பங்குக்குக் கத்தினார். நான் சேலையில் ஒட்டியிருந்த வாழைநாரைத் தட்டிக்கொண்டு என் கதிரைக்குப் போனேன். மனிசன் எனக்காகப் பக்கத்துக் கதிரையில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இருந்த சூடு ஆறவில்லை, திரை மறுபடி உடைந்தது. சிவநேசனின் முகம் துண்டுகளாகி, ஒரு கண் மட்டும் மேலே நின்றது. நீலம்.

இந்தத் தரம் நான் ஓடினேன். கூறைச் சேலை மாற்றப் போன பொம்பிளை திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஐயர் மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "முகூர்த்தம் தப்பினால் ராகுகாலம். நான் ஒண்டும் செய்யேலாது." மேல்மாடியிலிருந்து ஒரு ஆள் படியால் விழுந்தடித்து வந்து, லண்டனில் தங்கள் படமும் நின்றுவிட்டதென்று சொன்னார். வதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவர் ராத்திரி முழுக்க நித்திரை இல்லாமல் வேட்டியும் கட்டிக்கொண்டு இருந்தவர். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லத்தான் இருந்தவர். அவரை விட்டிட்டு எப்பிடி என்ரை பிள்ளையைக் குடுக்கிறது?" என்றாள். எனக்கு அழ நேரமில்லை.

முதல் வேலையாக நஸீரிடம் வெளி வயரைப் பிடுங்கச் சொன்னேன். எங்கள் குழப்பம் மேல்மாடிக்குப் போகாமல் நின்றது. அந்த ஆள் போனில் கேட்டுவிட்டு, "வந்திட்டுது, வந்திட்டுது" என்று மேலே ஓடினார். பிறகு மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். நான் கழற்றிய முனை மறுபடி குட்டிச் சுவிச்சில் அழகாகக் குத்தப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, கத்தத்தான் வாய் எடுத்தேன். நஸீர் எனக்கு முதலே தொடங்கிவிட்டார்: "திரும்பவும் ஆர் கை வைச்சது?" மறுபடியும் எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலியாணவீட்டில் யார் வந்து கெடுதல் செய்வார்கள்? அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் உதவி செய்ய நிற்கிறவர்கள். "ஆர் கெடுத்தது?" என்று கேட்டால், கெடுத்தவர் உட்பட எல்லோரும் உண்மையாகவே இல்லை என்றுதான் சொல்வார்கள். குரலைத் தணித்து, சிரித்த முகத்தோடு வேறு மாதிரிக் கேட்டேன்.

"காலமையிலை இருந்து இந்த மேசையடியிலை ஆர் உதவி செய்தது? உங்கடை உதவி இல்லாமல் எனக்கு ஏலாது. கொஞ்சம் வாங்கோ."

"அது நான்தானே!" என்று குகதாசண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னுக்கு வந்தார். "காலமை நான்தான் ஒரு வயர் கூடக் குத்திவிட்டனான். பேந்து பாத்தால் கழண்டு கிடந்துது. நல்ல காலம் நான் கண்டனான் தங்கச்சி, திரும்பக் குத்திவிட்டிட்டன்."

நஸீர் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

"ஏன் அண்ணை கூட ஒண்டு?"

"மூண்டெல்லே இருந்தது!" என்றார். எனக்கு இது தெரியாதா என்பது மாதிரிப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு மூண்டாய் வெளிக்கிடுறதே? மூண்டு பேர் போனால் நாலாவதுக்கு ஒரு கல்லையாவது மடியிலை கட்டிக்கொண்டு போறம். பிள்ளையின்ரை கலியாணத்துக்கு மூண்டு வயரை விடுறதே? பெட்டிக்குள்ளை சும்மா ஒரு வயர் கிடந்துது. மற்ற வயர் எங்கை போகுதோ, அங்கையே பாத்துக் குத்தினன். டக்கெண்டு சத்தமும் கேட்டது."

எத்தனையோ பெரிய இடங்களின் நெட்வேர்க் பார்த்திருக்கிறேன். இடியால் கெட்டது, எலியால் கெட்டது, எறும்பு கூடு கட்டிக் கெட்டது எல்லாம் கண்டிருக்கிறேன். சகுனத்தால் வளையமானது அதுதான் முதல் தரம். எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது பிள்ளைகளே. எங்களூர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

"அண்ணை, உதாலைதான் மச்சான்ரை படம் நிண்டது" என்று மெல்லமாய்ச் சொன்னேன்.

அந்தப் பெரிய மனுஷனின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவருக்கு முதல் தரமாகக் குரலும் தணிந்தது. "எனக்குப் பயம் தங்கச்சி" என்றார். "மணவறையிலை பொம்பிளை பக்கத்துக்கு நிக்கிறது வதனி, நான், என்ரை மனிசி. மூண்டே மூண்டு பேர். நிக்கவேண்டியவன் நாலாவதாய் அங்கை குளிருக்கை நிக்கிறான். நான் நிண்டு குடுத்து, பிள்ளைக்கு ஏதும் குறை வந்திட்டால், நான் அவன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? அதுதான் கண்ணிலை படுற மூண்டையெல்லாம் நாலாக்கிக்கொண்டு திரியிறன்." உண்மைதான். பிறகு பார்த்தேன், மேசையில் நாலு வெற்றிலைத் தட்டம், வாசலில் நாலு பன்னீர்ச் செம்பு.

அந்த நேரத்தில் நான் அவரோடு வாதாடியிருக்கலாம். மூன்று வயரால் ஒன்றும் ஆகாது என்று விளங்கப்படுத்தியிருக்கலாம். அவர் தலையாட்டியிருப்பார், நான் திரும்பியதும் எங்காவது ஒன்றைக் குத்தியும் இருப்பார், ஏனென்றால் அவருடைய பயம் அங்கேயே இருக்கும். முதல் தரம் நான் விட்டது அதுதான். வயரைக் கழற்றினேன், வயர் ஏன் வந்தது என்பதை அங்கேயே விட்டுவிட்டுக் கதிரைக்குப் போய்விட்டேன்.

"அண்ணை, நாலாவது வயர் இருக்கட்டும்" என்றேன். "நாலும் வேணும். ஆனால் நாலாவதின்ரை மற்ற முனை வேறை இடத்திலை இருக்கவேணும். அதை நீங்கள்தான் கட்டவேணும்."

சேர்வர்ப் பக்கத்து முனையை அப்படியே விட்டு, மற்ற முனையைக் குட்டிச் சுவிச்சிலிருந்து எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். மணவறைத் தூணோடு கட்டியிருந்த வாழைமரத்தைக் காட்டினேன். அவர் ஐயரிடம் போய் ஒரு துண்டு மஞ்சள் நூல் வாங்கிவந்து, மூன்று சுற்றுச் சுற்றி, யோசித்து, இன்னொரு சுற்றும் சுற்றி, வாழையில் வயரை இறுக்கிக் கட்டினார். நஸீர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி வெளி வயரைத் திரும்பக் குத்தினார். "அக்கா, இது எங்கடை வீடியோக்காரரின்ரை கொமிற்றியிலை சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான்" என்றார்.

படம் வந்தது. கமராக்கள் வந்தன. பிரிட்ஜ் வாயை மூடிக்கொண்டு தன் பாட்டில் இருந்தது. பெரிய சுவிச் கதவைத் திறந்து வைத்திருந்தது. துளசி கூறையோடு மணவறைக்கு வந்து இருக்கவும், திரையில் சிவநேசன் முழு முகத்தோடு தெளிந்து வரவும் சரியாக இருந்தது. மகளைப் பார்த்தார். வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. ஐயோ, ஒலி போய்விட்டதாக்கும் என்று நஸீரைத் திரும்பிப் பார்த்தேன். ஒலி போகவில்லை. அவருக்குத்தான் பேச்சு வரவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மச்சான், ஏன் வாழைமரத்துக்குக் கறண்ட் குடுத்திருக்கிறியள்?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை சிரித்தார், ஐயர் சிரித்தார், துளசி அழுகையும் சிரிப்புமாய்த் தலையைக் குனிந்தாள். குகதாசண்ணைக்கு மைக் தேவைப்படவில்லை.

"அது கறண்ட் இல்லை மச்சான். அது நீர். நாங்கள் இஞ்சை மூண்டு பேர் நிக்கிறம். நாலாவது ஆளாய் உம்மை வாழையிலை கட்டி வைச்சிருக்கிறன், ஓடாமல்."

ஐயர் திரையைப் பார்த்து, முறைப்படி, மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பனுக்குச் சம்மதமா என்று கேட்டார். வதனி கண்ணை மூடிக்கொண்டாள். நானும் நஸீரும் துணிக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஓம்" என்றார் சிவநேசன். போதாது என்று நினைத்தாராக்கும். "ஓம்" என்றார் மறுபடி. மூன்றாவது ஓம் அழுகையில் பாதியாய் வந்தது. சுவிஸிலிருந்து எங்களிடம் வந்து சேரும்வரை ஒரு எழுத்தும் உடையவில்லை.

ஐயர் செம்பைக் கையில் எடுத்தார். மேளகாரர் குச்சியை ஓங்கினார். குகதாசண்ணை இரண்டு பேரையும் கை காட்டி மறித்தார்.

"பொறுங்கோ ஐயா, பொறுங்கோ! மச்சான், மூண்டு சொல்லிப்போட்டீர். இன்னொண்டு சொல்லும்!"

திரையில் அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்து, சால்வையால் முகத்தைத் துடைத்து, நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, நாலாவது ஓமைச் சொன்னார்.